அம்மா சொல்லாமல் போன சாட்சி

அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் அட்டைப் படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் அக்கா சிரிப்பது போலத் தெரியும். அது சிரிப்பு இல்லை. படம் எடுக்க வந்த பையன் "கொஞ்சம் சிரிங்க பாட்டி" என்று மூன்று தடவை சொன்னதில் வந்த எரிச்சல். பழகியவர்களுக்கு அது பார்த்ததும் புரிந்திருக்கும்.

என்னை எழுதச் சொன்னவள் அக்காவின் ஒரே மகள் செல்வி. "மாமா, நீங்க ஒருத்தர்தான் மிச்சம், நீங்களே எழுதுங்க" என்றாள். மிச்சம் என்ற சொல் கொஞ்சம் உறுத்தினாலும் உண்மைதான். எண்பதைத் தாண்டிய கை நடுங்குகிறது. பிழைகள் இருந்தால் அச்சகத்தாரைத் திட்ட வேண்டாம், என்னைத் திட்டுங்கள்.

அக்கா பிறந்தது மலாயாவில், கோலசிலாங்கூருக்கும் அசாம் ஜாவாவுக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அங்கே இப்போது செம்பனை நிற்கிறது. அக்காவுக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று குழந்தைகள் பிறந்து, மூன்றும் தலை நிற்பதற்கு முன்பே போய்விட்டன. நான்காவதாக அக்கா பிறந்தபோது லயத்துப் பெண்கள் கூடிப் பேசி, எங்கள் சனங்கள் அப்படிப்பட்ட வீடுகளில் செய்வதையே செய்தார்கள். குழந்தையைத் தவிட்டுக்கு விற்றார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக் காளியம்மாள் அத்தை, மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு முறம் எடுத்து வந்து அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து குழந்தை அவருடையது. அம்மா பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், தன் வீட்டிலேயே வைத்து வளர்க்கலாம். ஆனால் 'என் பிள்ளை' என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால், முதல் மூன்றையும் கொண்டுபோன சாமிக்கு இதுவும் அதே வீட்டுப் பிள்ளைதான் என்று தெரிந்துவிடும். அதனால் அக்கா அம்மாவைச் 'சின்னம்மா' என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் பிறப்பைப் பதிய வந்தபோது, அப்பா காளியம்மாள் அத்தையின் பெயரையும் அவர் கணவரின் பெயரையுமே பெற்றவர்கள் என்று கொடுத்தார். சாமியிடம் ஒன்று, சர்க்காரிடம் ஒன்று என்று மாற்றிச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. ஐந்து ஆண்டு கழித்து நான் பிறந்தபோது, அக்கா முழங்காலெல்லாம் சிராய்ப்போடு ஓடியாடிக்கொண்டிருந்ததால் எல்லாருக்கும் பயம் தெளிந்துவிட்டது. என்னை யாருக்கும் விற்கவில்லை. "ஒன்னய யாரு வாங்குவா" என்பார் அக்கா. என் பிறப்புக் காகிதத்தில் என் அம்மா பெயர் இருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவருக்குக் காகிதத்தில் வேறு தாய். இதைப் பல ஆண்டுகள் வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவையும் காளியம்மாள் அத்தையையும் அவர் கணவரையும் ஒரே லோரியில் ஏற்றிச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூவரும் திரும்பவில்லை. குழந்தையைக் கொடுத்து வாங்கியவர்களில் அதன் பிறகு சாட்சி என்று மிஞ்சியவர் அம்மா ஒருவர்தான். அன்று அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கஞ்சிக்கு என்ன வழி என்பதே நினைப்பாக இருந்தது. அக்கா பதினைந்து வயதில் ரப்பர்ப் பால் வெட்டக் கத்தி எடுத்தார். நான் பள்ளிக்கூடம் போனதும், பிறகு பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கெழுத உட்கார்ந்ததும் அந்தக் கத்தியால்தான்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தான் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து சிறு வயதில் கப்பலேறி வந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து அக்கா பேசிவிடுவார். வேலை வாங்கும் மண்டோர் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் அத்தான் பெயரைக் கூப்பிட்டால் "இருக்காரு" என்று அக்காவின் குரல்தான் வரும். மண்டோருக்கு அது பிடிக்காது. அத்தானுக்குப் பிடிக்கும்.

பிறகு அவசரகாலம் வந்தது. சிதறியிருந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி வேலி அடித்தார்கள். வாசலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சோதனை. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போகக் கூடாது. வெட்டுக்குப் போகிறவர்கள் மத்தியானச் சோறுகூடக் கொண்டுபோக முடியாது. பசியோடு பால் வெட்டிவிட்டு வந்து சாப்பிடுவார்கள்.

அக்கா அப்போது முதல் முறையாகக் கருவுற்றிருந்தார். கல்யாணமாகிச் சில ஆண்டுகள் கழித்து உண்டான பிள்ளை. நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அத்தான் வெட்டுக்காட்டின் கடைசியில் இருந்த முனியாண்டிக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்தார். கோயில் வேலிக்கு வெளியே. அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னார். முனியாண்டியை உள்ளே இருந்தே கும்பிட்டால் போதும், அவருக்குக் கண் தெரியும் என்று சொன்னாராம். அத்தான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அக்கா பேச்சைக் கேட்கவில்லை. அரைக் காத்தி (முந்நூறு கிராம் வரும்) பச்சரிசியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு போனார். வாசலிலேயே பிடித்துவிட்டார்கள்.

சாமிக்குக் கொண்டுபோனேன் என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்கள். சில மாதம் காவலில் வைத்தார்கள். பிறகு, இந்த நாட்டுக் குடிமகன் இல்லாதவர் என்பதால் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதாகத் தாக்கீது வந்தது. வழக்கு என்று ஒன்று நடக்கவில்லை. மனைவியும் கூடவே போகலாம் என்றார்கள். அக்காவுக்கு அது நிறைமாதம், கப்பலில் ஏற்றமாட்டார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு நான் மட்டும் போனேன். தூரத்தில் வரிசையில் நின்ற அத்தான் என்னைப் பார்த்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. பன்னிரண்டு நாள் கழித்துச் செல்வி பிறந்தாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா ஏன் பிறகு போகவில்லை என்று உங்களில் சிலர் கேட்டதுண்டு. அம்மாவுக்கு அப்போதே பார்வை மங்கிவிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். ஆனால் பொறுப்பில்லாத இளவட்டமான என்னை அந்த விஷயத்தில் அக்கா நம்பவில்லை, அதில் நியாயமும் இருந்தது. குடியுரிமைக் காகிதம் இல்லாதவர் ஊருக்குப் போனால் திரும்பி வர விடுவார்களா என்பது நிச்சயமில்லை. காகிதம் இருந்தால் போய் அத்தானைப் பார்க்கலாம், பிள்ளையைக் காட்டலாம், திரும்பியும் வரலாம். அந்தக் காகிதத்தின் மேல் அக்காவுக்கு ஆசை வந்தது அப்படித்தான்.

அந்த நேரத்தில்தான் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் வருகிறது என்றார்கள். எல்லாருக்கும் ஓட்டு இல்லை. குடிமகன் என்று எழுத்தில் இருப்பவருக்குத்தான் ஓட்டு. எங்களைப் போன்றவர்களுக்கு அதற்கு இருந்த நேர்வழி இது: தான் இங்கே பிறந்திருக்க வேண்டும், பெற்றவர்களில் ஒருவராவது இங்கேயே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்தில் அநேகம் பேருக்குப் பெற்றவர் இருவருமே கப்பலில் வந்தவர்கள். எங்கள் அம்மா அசாம் ஜாவா பக்கத்தில் பிறந்தவர், காகிதமும் தகரப் பெட்டியில் இருந்தது. அம்மாவின் பெற்றோர் கப்பலில் வந்ததால் அம்மாவுக்கு ஓட்டு இல்லை. ஆனால் அம்மா பெற்ற பிள்ளைகளுக்கு உண்டு. எனக்கு உண்டு. காளியம்மாள் அத்தை நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். ஆகவே காகிதத்தின்படி அக்காவுக்கு இல்லை.

வேட்பாளர் ஒருவர் எங்கள் பந்து மைதானத்தில் வந்து பேசினார். வழக்கில்லாமல் அனுப்பப்பட்டவர்களைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்பேன் என்றார். கூட்டம் முடிந்ததும் அக்கா இடுப்பில் பிள்ளையோடு போய் அவர் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டு, அத்தானின் பெயரையும் ஊரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். "எழுதிக்கிட்டாருடா தம்பி, பேரு, ஊரு எல்லாம்" என்று அக்கா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

அதிகாரி ஒருவர் தோட்டத்து ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் காகிதத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்றார். நானும் ஆபீசில் எழுத்து வேலை பார்த்த எங்கள் கிராணியும் விடாமல் பேசினோம். தவிட்டு வழக்கத்தைக் கிராணி இங்கிலீஷில் சொல்லி விளக்கியதைக் கேட்டு அந்த அதிகாரி பேனாவை மூடி மேசையில் வைத்தார். நல்ல மனிதர். பெற்ற தாயே வந்து சத்தியப் பிரமாணம் செய்து கையொப்பம் வைத்தால் மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். வேறு யார் சொன்னாலும் செல்லாது.

நான் வீட்டுக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முடியாது என்றார். ஆறு நாள் கெஞ்சினேன், கோபித்தேன், சாப்பிடாமல் இருந்தேன். நான் சாப்பிடாவிட்டால் அம்மா தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்தேன். அந்த ஆறு நாளும் அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழாம் நாள் காலையில் அம்மா தானாகவே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

அந்த மேசையின் முன்னால் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதிகாரி கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

"இந்தப் பொண்ணு யாரு பெத்த புள்ள? சத்தியமா சொல்லணும், யோசிச்சு சொல்லுங்க."

அம்மா அக்காவின் தோளில் இருந்த கையை எடுத்துவிட்டார்.

"காளியம்மா பெத்தது, ஐயா."

கிராணி இன்னொரு முறை கேட்டார். அம்மா அதையே சொன்னார். அதிகாரி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் ஏதோ கத்தப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து, "விடு தம்பி. சின்னம்மா சொன்னா சரி" என்றார்.

வெளியே வந்ததும் நான் அம்மாவை என்னென்னவோ கேட்டேன். அச்சில் எழுதத் தகாத வார்த்தைகள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மூணு குழிய நான் பாத்தவடா. நாலாவது குழிய என் வாயாலேயே வெட்டச் சொல்றியா?"

எனக்கு அன்று அம்மாவின் மேல் வந்த கோபம் நெடுநாள் போகவில்லை. ஒரு காகிதத்துக்கு முன்னால் ஒரு பொய்யை எடுத்துவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்று நினைத்தேன். நானும் பிள்ளைகளைப் பெற்று, அதில் ஒன்றுக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிறகுதான் அம்மா எதை நினைத்து நடுங்கினார் என்பது புரிந்தது. அம்மாவும் உண்மையைத்தான் காப்பாற்றினார், அவருக்குத் தெரிந்த வழியில். ஆனால் அதனால் அக்கா இழந்ததை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டும் இருந்திருக்கிறேன்.

எங்கள் லயத்தில் ஓட்டு இருந்தது எனக்கு மட்டும். முதல் நாள் மாலை அக்கா அடுப்புக்கரியால் தரையில் கட்டங்கள் போட்டு, எதில் எப்படிக் குறியிட வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், கணக்கெழுதும் எனக்குச் சொல்லித் தருகிறார். நான் சிரிக்கவில்லை. "கோட்டத் தாண்டாம போடு. தாண்டிச்சின்னா செல்லாதாம்" என்றார். நான்கைந்து முறை போட்டுக் காட்டச் சொன்னார். மறுநாள் மலாய்ப் பள்ளிக்கூடத்து வாசல் வரை கூடவே வந்து வெயிலில் நின்றார். கேட்டுக்கு உள்ளே அவரை விடவில்லை. நான் உள்ளே போய், கோட்டைத் தாண்டாமல் போட்டேன். அத்தனை பெரிய விஷயம் அத்தனை சின்னக் குறியாக இருந்தது.

அந்த வேட்பாளர் தோற்றார். சாதாரணத் தோல்வி இல்லை, காணாமல் போகிற தோல்வி. செய்தியைப் பத்திரிகையில் படித்துச் சொன்னபோது அக்கா செல்விக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த நோட்டு என்ன ஆகும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அக்கா மிச்சச் சோற்றையும் ஊட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்து போய்க் கிணற்றடியில் அழுதார்.

அத்தானிடமிருந்து சில ஆண்டுகள் கடிதம் வந்தது. பிள்ளையின் படம் அனுப்பினோம், பல் முளைத்துவிட்டதா என்று கேட்டு எழுதினார். அவசரகாலம் முடிவதற்கு முந்திய ஆண்டு அவருடைய தம்பியிடமிருந்து ஓர் அட்டை வந்தது. மஞ்சள் காமாலை என்று எழுதியிருந்தது. அது எங்கள் கைக்கு வந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை எளிதாகக் கொடுத்த காலத்திலும் அக்கா மனுப் போட்டார். கேட்ட காகிதங்களில் ஒன்று எப்போதும் குறைந்தது. அம்மா இறந்த பிறகு நான் அழைத்துப் போய் இன்னும் இரண்டு மனுப் போட்டோம். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அந்தப் பரிசீலனை அக்காவைவிட நீண்ட ஆயுள் கொண்டது. கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டைதான். பிறந்த ஊரிலேயே வந்தேறிக்குரிய அட்டை. செல்விக்கு மட்டும் நான் அலைந்து குடியுரிமை வாங்கிவிட்டேன். என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பிவிடுவார். நாங்கள் வரிசையில் நிற்போம். அவர் பள்ளிக்கூட வாசலில் எங்கள் பைகளையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளியே வந்ததும் கோட்டைத் தாண்டாமல் போட்டீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்பார். யாருக்குப் போட்டீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபின் செல்வியோடு புக்கிட் செந்தோசாவுக்குக் குடிபோன பிறகும் இது நிற்கவில்லை. சென்ற தேர்தலில் சக்கர நாற்காலியில் வந்தார். இளம் பெண் அதிகாரி ஒருத்தி ஓடி வந்து, பாட்டி, நீங்கள் வரிசையில் நிற்க வேண்டாம், நேரே உள்ளே போகலாம் என்று மலாயில் சொன்னாள். அக்கா பரவாயில்லை என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு மூத்திரம் வருவது போல அழுகை முட்டியது. மன்னிக்கவும், வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

அம்மாவைப் பற்றி அக்கா குறை சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவுக்குக் கண் முழுதாகப் போன பிறகு பதினோரு ஆண்டு அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது அக்காதான். சுங்கை பூலோ ஆஸ்பத்திரியில் கடைசி நான்கு நாள் அக்காவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அப்போது 'அம்மா' என்று கூப்பிட்டார். காளியம்மாள் அத்தை போன பிறகு அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் முறை. எந்த அம்மாவை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஓராண்டில் செல்விக்கு உற்ற துணையாக நின்ற வரிசைவீட்டு அண்டை அயலார், ஆஸ்பத்திரிக்கு நேரம் பாராமல் காரெடுத்துக்கொண்டு வந்த பிள்ளைகள், அக்காவின் எரிச்சலைப் பொறுத்துக்கொண்ட தாதியர், தேவாரம் ஓதிக் கிரியைகள் செய்து கொடுத்த பெரியவர், அசாம் ஜாவாவிலிருந்து பஸ் பிடித்து வந்த பழைய தோட்டத்துச் சனங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் அது என் மறதி, மனம் இல்லாமை இல்லை.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனவன் நான். தாயார் பெயர் என்ன என்று கேட்டார்கள். எல்லாக் காகிதமும் ஒத்துப்போக வேண்டும் என்றார்கள். காளியம்மாள் என்று சொன்னேன். அன்று அம்மா நின்ற இடத்தில் நின்று நானும் அதையே சொல்லிவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த மலரை எந்த அலுவலகமும் கேட்கப் போவதில்லை. இதற்கு முத்திரை கிடையாது. அக்கா போய்விட்டார், இனி எந்தச் சாமியும் அவரை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே உங்கள் எல்லார் முன்னிலையிலும், நல்ல நினைவோடு, சத்தியமாக எழுதிக் கையொப்பம் வைக்கிறேன். அக்கா என் அம்மா பெற்ற பிள்ளை.

இப்படிக்கு,
தம்பி